சிக்கரி இல்லாத டிகாஷன் புளிக்கிறது. பொடியிலா, என் கையிலா?

டபராசெட் (மயிலாப்பூர்):
எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டில் ஒரே பொடிதான். பீபெரி என்கிற உருண்டைக் கொட்டை பாதி, பிளான்டேஷன் ஏ என்கிற கழுவிய அராபிகாக் கொட்டை பாதி, அதில் 20 சதம் சிக்கரி. போன மாதம் அம்மா, "சிக்கரி போடாத காபி எப்படித்தான் இருக்கும்?" என்று கேட்டார். சரி, பார்த்துவிடலாம் என்று சிக்கரி இல்லாமல் மூன்று பொடி, கால் கால் கிலோவாக வாங்கி வந்தேன். மூன்று வாரமாக மாற்றி மாற்றிப் போட்டுக் குறித்தும் வைத்திருக்கிறேன்.

முதலாவது பீபெரி மட்டும், மிதமான வறுவல். பில்டரைத் திறந்ததும் வறுத்த வேர்க்கடலைத் தோலின் வாசனை. வாயில் வைத்தால் நார்த்தங்காயைக் கடித்த மாதிரி நாக்கின் இரண்டு ஓரத்திலும் சுரீர் என்றது. பால் சேர்த்ததும் காபியைக் காணோம்.

இரண்டாவது, கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டத்து அராபிகா. இதை மறக்க முடியவில்லை. பால் விடாமல் ஒரு வாய் சூடாகவும் ஒரு வாய் ஆறவிட்டும் குடித்தேன். சூட்டில் வெறும் புளிப்பு. டம்ளரைக் கையில் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறியபோது, கமலா ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த மணம். விழுங்கிய பிறகு தொண்டையில் கருப்பட்டி போல ஓர் இனிப்பு நின்றது. சர்க்கரையே போடவில்லை! அதே டிகாஷனில் பால் ஊற்றினேன், எல்லாம் போய்விட்டது.

மூன்றாவது அராபிகா 70 சதம், அதைவிடக் கசக்கிற ரொபஸ்டா வகை 30 சதம், கறுக்க வறுத்தது. பாலுக்கு ஈடு கொடுத்தது. ஆனால் கசப்பு அரை மணி நேரம் நாக்கை விடவில்லை.

பித்தளை பில்டர், குவித்து மூன்று கரண்டி பொடி, கொதித்து அடங்கிய கேன் தண்ணீர். பழைய பொடிக்கு முக்கால் மணி நேரம் சொட்டுகிற டிகாஷன், பீபெரிக்கும் தாண்டிக்குடிக்கும் பத்தே நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. இந்தப் புளிப்பும் நீர்ப்பும் பொடியின் குணமா, நான் போடுகிற விதத்தாலா? அம்மாவுக்கு சிக்கரி இல்லாமல் ஒரு நல்ல காபி போட்டுக் கொடுக்க வேண்டும்.

அரவைமிஷின் (கும்பகோணம்):
பத்து நிமிடம் என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. காபி அரைக்கும் கடையில் 11 வருடம் நின்றவன் நான். சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். நீங்கள் பழகிய கறுப்பிலும் கெட்டியிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஈரம் பட்டதும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் மெதுவாகச் சொட்டுகிறது. அதை எடுத்துவிட்டு அதே அரவையில் போட்டால் தண்ணீர் ஓடிவிடும். பொடியிலிருந்து முதலில் இறங்குவது புளிப்பு. இனிப்பும் கசப்பும் பின்னால் வரும். அவை வருவதற்குள் உங்கள் பில்டர் காலியாகிவிடுகிறது.

கடையில் "சிக்கரி இல்லை, இன்னும் கொஞ்சம் நைசாக" என்று சொல்லி அரைத்து வாங்குங்கள். மூன்று கரண்டி நாலாகட்டும். பில்டருக்குள் வைக்கிற குடைத் தட்டால் பொடியை லேசாக அழுத்தி, பொடி நனையும் அளவு மட்டும் வெந்நீர் விட்டு, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள்.

அப்புறம், பீபெரி தனி ஜாதி இல்லை. பழத்துக்குள் இரண்டு கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டையாக விளைந்தது. டிரம்மில் நன்றாக உருளும், சீராக வறுபடும். அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

மிளகுக்கொடி (கீழ்ப்பழனி மலை):
தாண்டிக்குடிக் காபியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எங்கள் தோட்டமும் அந்தப் பக்கம்தான். சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறியிருக்கும், நடுவில் வாழை, கீழே காபி. அந்தப் புளிப்பைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பழத்தை உரித்து, வழவழப்புப் போகப் புளிக்க வைத்து, கழுவிக் காயவைப்பதுதான் பிளான்டேஷன். கழுவிய காபியில் புளிப்பு துல்லியமாகத் தெரியும். பழத்தோடு அப்படியே காயவைத்தால் அது செர்ரி. அதில் புளிப்பு அடங்கி, கனம் கூடும்.

அம்மாவுக்குப் பால் காபி என்றால் மான்சூன்ட் மலபார் 100 கிராம் வாங்கிப் பாருங்கள். மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, பக்கம் திறந்த கிடங்குகளில் செர்ரிக் கொட்டையைப் பரப்பி மழைக்காற்றுப் பட வைப்பார்கள். கொட்டை ஈரம் குடித்து உப்பி, பழுப்பு மஞ்சளாகிவிடும். புளிப்பு பெரும்பாலும் போய்விடும்.

சிறுவாணி (கோவை):
தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீரில் போட்டால் ஒரு ருசி, போர் தண்ணீரில் போட்டால் வேறு ருசி. உப்புத் தண்ணீர் புளிப்பை அமுக்கிவிடும், மணத்தையும் சேர்த்து அமுக்கிவிடும். கேன் தண்ணீரில் பெரும்பாலும் உப்பே இருக்காது, புளிப்பு அப்படியே எழுந்து நிற்கும். பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

டபராசெட் (மயிலாப்பூர்):
எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். நைஸ் அரவை, நாலு கரண்டி, முதலில் நனைத்து விட்டது, இவற்றிலேயே 35 நிமிடமாகிவிட்டது. பீபெரி அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. நார்த்தங்காய் போய் உலர்ந்த திராட்சை வந்திருக்கிறது. தண்ணீர் கலந்ததில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, எங்கள் குழாய்த் தண்ணீரும் அவ்வளவு உப்பில்லை.

மலபார் பொடியைத் தனியாகப் போட்டபோது மழை நனைத்த சாக்கின் வாசனை. முதல் நாள் பிடிக்கவில்லை. பீபெரி இரண்டு பங்கு, மலபார் ஒரு பங்கு என்று கலந்தேன். பால் விட்டதும் செம்மண் நிறம், நுரை டபரா விளிம்பு வரை நின்றது. அம்மா பாதி குடித்துவிட்டு, "கசப்பு போதவில்லை, ஆனால் வாசனை நம்ம காபியைவிட நன்றாக இருக்கிறது" என்றார். மூன்றாவது பொடியில் மீந்ததை ஒரு கரண்டி சேர்த்து நாளைக் காலை போடுகிறேன்.

தாண்டிக்குடிப் பொடி இன்னும் இரண்டு நாளைக்கு வரும். அதில் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். மிளகுக்கொடி, இந்த வருடத்துப் பழம் அரவைக்கு எப்போது வரும்?