காலை 7.20 வேனும் புளித்த தயிர் சாதமும்

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. 7.20க்குத் தெருமுனையில் வேன் வந்துவிடும். அந்த நேரத்தில்தான் இவனுக்கு ஒற்றைக் கால் சாக்ஸ் காணாமல் போகும். அதையாவது தேடிக்கொள்கிறேன். தயிர் சாதம்தான் பெரும்பாடு: மதியத்துக்குள் புளித்துவிடுகிறது, டப்பா அப்படியே திரும்பி வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: தயிரைக் குறையுங்கள், பாலைக் கூட்டுங்கள். சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். நன்றாக ஆறிய பிறகு ஒரு கரண்டி தயிர் போதும். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். உப்பு அளவாக இருக்கட்டும். சாதம் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே பிசையுங்கள்.

பதில் 2: மேலே மாதுளை முத்துகளைத் தூவுங்கள், என் பையன் அதற்காகவே திறப்பான். சாக்ஸை இரவே ஷூவுக்குள் திணித்துவைக்கச் சொல்லுங்கள். அவனே செய்யட்டும், நீங்கள் செய்யாதீர்கள்.

கேட்டவர்: இன்று டப்பா காலியாக வந்தது, நன்றி! மாதுளையை மட்டும் இவன் தின்றானாம். சாதம் பக்கத்து இருக்கைப் பையனுக்குப் போயிருக்கிறது. "சூப்பராக இருந்ததாம் அம்மா" என்கிறான்.