தீவாந்தரம் போன பாட்டையாவின் ஆத்தா: எங்கே தேடுவது? (உதவி)

காரைக்குடி_கதிர்
அவசரம். எங்க பாட்டையாவோட ஆத்தா வீராயியைத் தீவாந்தரம் (கடல் தாண்டித் தீவுக்கு நாடுகடத்துறது) அனுப்பிட்டாங்கன்னு வீட்டுல பேச்சு. அந்தமான் செல்லுலார் ஜெயில் பதிவுல பேர் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? நெட்ல தேடியாச்சு, ஒண்ணும் வரலை. செவ்வாய்க்கிழமை சென்னை போறேன், அதுக்குள்ள சொல்லுங்க.

கண்டனூர்_வாசகி
எந்த வருஷம்? எந்தக் கிராமம்? என்ன கேசு? வீராயின்னு ஊருக்குப் பத்துப் பேர் இருப்பாங்க. எழுத்துல ஏதாவது இருக்கா, வெறும் வாய்ப்பேச்சுதானா?

வாளுக்குவேலி
காரைக்குடிப் பக்கம், அதாவது சிவகங்கைச் சீமைன்னா சந்தேகமே வேண்டாம், மருது பாண்டியர் ஆளுங்களோட மலாய்ப் பக்கத்துப் பினாங்குக்கு அனுப்பப்பட்டவங்களா இருக்கும். 1802 பிப்ரவரியில தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏத்துனாங்க. சின்ன மருது மகன் துரைசாமி அதுல போனவர்.

பழங்கட்டு
சீமையில் யார் கப்பல் ஏறினாலும் 1802-லேயே ஏறியிருக்க வேண்டுமா என்ன? பாட்டையாவின் தாய் என்கிறார். ஒரு தலைமுறைக்கு முப்பது வருஷம் போட்டாலும் அவ்வளவு பின்னால் போகாது. கதிர் தம்பிக்கும் ஒன்று: செல்லுலார் சிறை கட்ட ஆரம்பித்ததே 1896-ல், முடிந்தது 1906-ல். அங்கே பெண்களை வைக்கவில்லை. பெண் கைதிகளுக்குப் போர்ட் பிளேரில் தனிச் சிறை. இதையாவது படித்துவிட்டு வந்து கேட்டிருக்கலாம்.

ரங்கூன்_ரசீது
கைதியே இல்லாமலும் இருக்கலாம். கங்காணி கூட்டிட்டுப் போன ஆளையும் 'கப்பலேறிப் போச்சு'ன்னுதான் நம்ம பக்கம் சொல்லுவாங்க. மலாயா, பர்மா கூலிக் கணக்கைப் பாருங்க.

காரைக்குடி_கதிர்
பத்திரம் இருக்கு, சொல்ல மறந்துட்டேன். 1889 கிரயம். 'தீவாந்தரம் போன வீராயி மகன் மைனர்'னு பேர் போட்டு, தாய்மாமன் கார்டியனா கையெழுத்து. ஊர் திருப்பத்தூர் பக்கம்.

கண்டனூர்_வாசகி
இதையல்லவா முதல்ல சொல்லணும்! ஆனா அந்த ஒரு வார்த்தையை லென்ஸ் வச்சுப் பாருங்க. அந்தக் காலத்துக் கையெழுத்துல புள்ளி வைக்க மாட்டாங்க, கொம்பும் சுழியும் ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். 'தேசாந்தரம்'னு எழுதியிருந்தா வீட்டை விட்டு எங்கேயோ போயிட்டாங்கன்னுதான் அர்த்தம், கோர்ட்டும் இல்ல, ஜெயிலும் இல்ல. முதல் எழுத்து 'தீ'யா 'தே'யா, அடுத்தது 'வா'வா 'சா'வா? பின்னால 'சிட்சை'ன்னு இருந்தா தண்டனைதான். நகல்ல பார்க்காதீங்க, மூலத்துல பாருங்க.

பழங்கட்டு
நல்ல கேள்வி. தண்டனைதான் என்றால் கணக்கு எளிது. 1875 மேஜர் சட்டப்படி பதினெட்டு வயது. 1889-ல் மைனர் என்றால் பையன் 1871-க்கு முன் பிறந்திருக்க முடியாது. பெற்ற பிறகுதானே தாய் போயிருப்பார்? ஆக 1871–1889, அதிகம் போனால் பத்தொன்பது வருஷக் குறிப்பேடுகள். இந்தியக் கைதிகளை மலாய்ப் பக்கம் அனுப்புவது அதற்கு முன்பே நின்று, மிச்சமிருந்தவர்களையும் 1873-க்குள் அந்தமானுக்கு மாற்றிவிட்டார்கள். எனவே பினாங்கு கிடையாது.

தேடலைத் தீவிலிருந்து ஆரம்பிக்காதே. 1942–45 ஜப்பான்காரர் ஆட்சியில் அங்கே ஏராளமான ஏடுகள் அழிந்தன. தண்டித்த கோர்ட்டிலிருந்து ஆரம்பி. ராமநாதபுரம் ஜில்லா பிறந்தது 1910-ல், சிவகங்கை மாவட்டம் 1985-ல். உனக்கு வேண்டியது மதுரை ஜில்லா. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை வருடக் குறிப்பேட்டை முதலில் கேள். அரசாணை எண்ணும் தேதியும் இல்லாமல் சீட்டு எழுதிக் கொடுத்தால் கட்டு கைக்கு வராது. கொலைக் கேசில் தூக்கு விதித்திருந்தால் ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும், கருணை மனு அரசாங்கத்துக்குப் போய்த் தீவாந்தரமாகக் குறைந்திருக்கும். அந்த மனுக்கோப்புதான் புதையல். செஷன்ஸ் கோர்ட்டே ஆயுள் தீவாந்தரம் விதித்து, அப்பீலும் போடாமல் விட்டிருந்தால் தடயம் மெலிந்துபோகும்.

மானகிரி_மடல்
பேரை எழுத்துக்கூட்டி மட்டும் தேடாதீங்க. வெள்ளைக்கார குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதுவான். வீராயியோட கடைசி 'ஆயி', 'ஓயீ' ஆகியிருக்கும். முதல் எழுத்து 'வி', 'டபிள்யூ' ரெண்டுலயும் பாருங்க. மதுரையை 'மதுரா'ன்னு போடுங்க. திருப்பத்தூர்னு வந்ததும் குதிக்காதீங்க, அப்போ சேலம் ஜில்லாவுல இன்னொரு திருப்பத்தூர் இருந்துச்சு. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தோட 'அபிலேக் படல்' தளத்துல உள்துறை, போர்ட் பிளேர் பிரிவு இருக்கு. அதுல ஆள் பேரை விட 'ஃபீமேல் கன்விக்ட்', 'மெட்ராஸ்'னு போட்டா மாட்டும்.

அடையாள விவரப் பட்டியல் கிடைச்சா கெட்டியா பிடிச்சுக்குங்க. தகப்பன் பேர், சாதி, ஊர், உயரம், தழும்பு எல்லாம் அதுல வரும். தகப்பன் பேரை வச்சுத்தான் பத்து வீராயியில உங்க வீராயியைப் பிரிக்க முடியும்.

ரங்கூன்_ரசீது
பிள்ளையைக் கொன்ன கேசா இருக்குமோ? விதவைகள் மேல அந்தக் கேசு நிறைய.

கண்டனூர்_வாசகி
ஊகிக்க வேண்டாம். ஆனா பிரிவு எண் தெரிஞ்சா உதவும். அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்துல, பிறந்ததை மறைச்சா 318, அதுக்கு ரெண்டு வருஷம்தான். குழந்தையைக் கைவிட்டா 317, ஏழு வருஷம் வரை. ஆயுளுக்கும் தீவாந்தரம்னா பெரும்பாலும் கொலைக்கான 302-ஆ இருக்கும். இன்னொண்ணு, தண்டனை விதிச்ச எல்லாரும் கப்பல் ஏறலை. உடம்பு தேறாதவங்களை இங்கேயே ஜெயில்ல வச்சதும் உண்டு.

மானகிரி_மடல்
அங்கே போய்ச் சேர்ந்திருந்தா கல்யாணத்தையும் பாருங்க. சில வருஷம் பெண் சிறையில இருந்த பிறகு, சொந்தமா பயிர் பண்ணிப் பிழைச்ச ஆண் கைதியைக் கட்டிக்கிட்டு வெளியே வர அனுமதி இருந்துச்சு. அப்போ அவங்க பேர் புருஷன் பேருக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும்.

வாளுக்குவேலி
எல்லாம் சரி, தீவாந்தரம்னா ஆதியில பினாங்குதான். அந்தமான்ல கைதிக் குடியிருப்பு வந்ததே 1858-லதான்.

பழங்கட்டு
அந்தமானில் 1789-லேயே குடியேற்றம் போட்டு 1796-ல் கைவிட்டார்கள், அதிலும் கைதிகள் உண்டு. தீவாந்தரம் என்றால் வேறு தீவு, அவ்வளவுதான். எந்தத் தீவு என்று வார்த்தை சொல்லாது, வருஷம்தான் சொல்லும்.

வாளுக்குவேலி
பினாங்கும் தீவுதானே ஐயா!

காரைக்குடி_கதிர்
மூலத்தைப் பார்த்துட்டேன். 'தீ'தான். அடுத்த வரியில மடிப்புல மறைஞ்சு 'சிட்சை' இருக்கு. நன்றி வாசகி அக்கா. செவ்வாய் எழும்பூர்.

கண்டனூர்_வாசகி
தகப்பன் பேரைக் கேட்டுக்கிட்டுப் போங்க. அந்தத் தாய்மாமன் அவங்க கூடப் பிறந்தவர், பத்திரத்துல அவருக்கு முன்னால இருக்கிற பேர்தான் வீராயியோட தகப்பன் பேரும்.

மானகிரி_மடல்
தம்பி, கிடைச்சுதா?

வாளுக்குவேலி
மூணு வாரமாச்சு. அது இருக்கட்டும், பினாங்கு பத்தி ஐயா இன்னும் பதில் சொல்லலை.