30 லட்சத்துக்குள்ள நம்பி எடுக்கக்கூடிய பழைய கார் எது?

அண்ணாமார் அக்காமார் கொஞ்சம் உதவுங்கோ. மாங்குளம் தாண்டி ஏ9 ரோட்டில இரவு மாடு ஒண்டு குறுக்க பாய்ஞ்சு எங்கட ஆல்ட்டோ முன்பக்கம் சப்பளிஞ்சு போச்சு, ஆக்களுக்கு ஒண்டுமில்லை, மனிசிக்கு தோள்மூட்டு நோ மட்டும். திருத்திற காசுக்கு வேற பாக்கலாம் எண்டு கராஜில சொல்லிப்போட்டாங்கள்.

2020இல இலங்கையில வாகன இறக்குமதி நிப்பாட்டேக்க ஏறின விலை 2025இல திறந்துவிட்டும் பெரிசா இறங்கின மாதிரி தெரியேல்ல. லீசிங் பக்கம் போற எண்ணமே இல்லை. கிளிநொச்சி முல்லைத்தீவு வேலை ஓட்டம், உள்ளுக்க கிரவல் ரோட்டு, மாரியில பள்ளமும் வெள்ளமும் தான், அதால நிலத்தோட முட்டுற கார் சரிவராது.

வவுனியாவில ஒரு பெரொடுவா வைவா எலைட் கார் பாத்தனான், ஓட்டோ கியர், எஞ்சின் சத்தம் நல்லாத்தான் கிடக்கு, ஆனா பார்ட்ஸ் கிளிநொச்சியில எடுக்கலாமோ இல்லாட்டி எல்லாத்துக்கும் கொழும்போ? தம்பி பழைய நிசான் சனி எப்பி15 எடு எண்டு நிக்கிறான், அவனுக்கென்ன பெற்றோல் அடிக்கிறது நான் தானே. மனிசி எயார்பேக் இல்லாம ஏறமாட்டன் எண்டிட்டா, அது ஞாயம்.

மற்றது, அடிபட்ட காரை பெயின்ற் அடிச்சு விக்கிறாங்கள். பொனட் ஆணியில ஸ்பானர் தடம், கதவு இடைவெளி, சசி நம்பர், வாகனப் பதிவுப் புத்தகத்தில லீசிங் கொம்பனி பேர் கிடக்கோ எண்டு பாப்பன், வேற என்ன பாக்கோணும்? வவுனியா, கிளிநொச்சி பக்கம் காசு குடுத்தா கூடவந்து பாக்கிற நம்பிக்கையான மெக்கானிக் ஆரும் இருந்தா இன்பொக்ஸில சொல்லுங்கோ, விக்கிற ஆக்கள் தயவுசெய்து வேண்டாம்.