புதுப்பிப்பு: பெரிய மீனுக்குத் தக்கை ராட் (மிதவை கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் கம்பு), ஒருவழியாக வாங்கிவிட்டேன்

கொசஸ்தலை ஆற்றில் ஒரு ரோகு கோரைக்குள் புகுந்து தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனதைப் போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா? என்னுடைய 13 அடி மெல்லிய ராட் கெளுத்திக்கும் சின்னக் கெண்டைக்கும் சரி, அதற்கு மேல் தாங்காது, வேறு எது வாங்கலாம் என்று கேட்டதும் ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். நிறைய பேர் 2.75 பவுண்டு கார்ப் ராடை (பெரிய கெண்டை வகை மீன்களுக்கான கம்பு) வாங்கச் சொன்னீர்கள். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். கம்பு இல்லை அது, கடப்பாரை! சின்னத் தக்கையை வீசவே வரவில்லை.

கடைசியில் வாங்கியது 12 அடி, 1.5 பவுண்டு. அந்தப் பவுண்டு எண் என்னவென்று கேட்டவர்களுக்கு: ராடை அசையாமல் பிடித்து நரம்பில் எடை கட்டினால், எந்த எடையில் நுனி வளைந்து அடிக்கட்டைக்குச் செங்கோணமாக நிற்கிறதோ அதுதான். 1.5 பவுண்டு என்றால் சுமார் 680 கிராம். மொட்டைமாடியில் ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நிரப்பிக் கட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்ட சரியாகவே வளைந்தது. (கீழ் வீட்டு அக்கா பார்த்த பார்வை தனிக்கதை.)

நரம்பையும் 4 பவுண்டிலிருந்து 8 பவுண்டுக்கு மாற்றினேன் (இங்கே பவுண்டு என்பது நரம்பு அறாமல் தாங்கும் எடை). முள்ளுக்கு மேல் கடைசி ஒரு முழம் மட்டும் 6 பவுண்டு, சிக்கினால் அதுதான் முதலில் அறும், தக்கை மிஞ்சும்.

ஞாயிறு காலை, அதே கோரை ஓரம். மைதா உருண்டைக்கு ஒரு கட்லா, மூன்று கிலோவுக்குக் குறையாது. நடு ராட் வரை வளைந்தது, ஆனால் கோரைப் பக்கம் விடவில்லை. அந்த ரோகுதான் இன்னும் பாக்கி.