பழைய துவக்கில் கறள்: மெருகு போகாமல் எடுப்பது எப்படி?

தம்பலகாமத்தான்:
அப்பப்பா காலத்துத் துவக்கு, இப்போது அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரத்துடன் வயல் காவலுக்காக வைத்திருக்கிறோம். மாரி முடிந்து எடுத்துப் பார்த்தபோது கறள் பூத்திருந்தது. மெருகு கெடாமல் எப்படி எடுப்பது? விரைவாகப் பதில் தந்தால் நல்லது.

பட்டறைக்காரர்:
ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா? கறள் குழலின் வெளியிலா, உள்ளேயா? மெருகு நீலக்கறுப்பா, மண்ணிறமா? சில மிகப் பழைய துவக்குகளுக்கு மண்ணிற மெருகுதான் செய்தவர்களே இட்டது. அதைக் கறள் என்று எண்ணித் தேய்த்தவர்கள் உண்டு.

உப்புவெளி வாசி:
இத்தனை கேள்வி எதற்கு? தேசிக்காய்ப் புளியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் எந்தக் கறளும் போய்விடும். எங்கள் வீட்டு மண்வெட்டியும் கத்தியும் அப்படித்தான் பளிச்சென்று இருக்கின்றன.

பட்டறைக்காரர்:
மண்வெட்டி துலக்குகிறவர்கள் துவக்குக்கு வைத்தியம் சொல்ல வரும்போது சற்று வாசித்துவிட்டு வரலாம். அந்த நீலக்கறுப்பு மெருகும் இரும்பின் ஒட்சைட்டுத்தான், அதுவும் மிக மெல்லிய படலம். ஆகவே கறளைக் கரைக்கும் புளி, வினாகிரி, கடையில் விற்கும் கறள்நீக்கி ஆகியவை அதையும் சேர்த்தே கரைத்து, வெளிறிய சாம்பல் நிறத் திட்டை விட்டுச் செல்லும்.

மூதூர் ஆசிரியை:
தம்பி, துவக்கை எதில் வைத்திருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தான்:
இரட்டைக்குழல், நீலக்கறுப்பு. கறள் வெளியில் மட்டும், விரலால் தடவினால் செந்தூள் ஒட்டுகிறது. தோல் உறையில் இருந்தது.

மூதூர் ஆசிரியை:
அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பதனிட்ட தோலிலுள்ள அமிலமும் உப்பும் இரும்பை அரிக்கும். மாரிக்காலம் முழுவதும் அதற்குள் கிடந்தால் கறள் பிடிக்காமல் என்ன செய்யும்?

பட்டறைக்காரர்:
முதலில் துவக்கைத் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, தையல் இயந்திர எண்ணெயைக் கறள்மீது தாராளமாகப் பூசி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் 0000 என்று குறிக்கப்பட்ட மிக நுண்ணிய இரும்புப் பஞ்சை அதே எண்ணெயில் நனைத்து, முன்கட்டை மறைக்கும் இடத்தில் சோதித்த பின்னர், விரல்நுனியின் பாரம் மட்டும் விழும்படி குழலின் நீளவாக்கில் தேய்த்து, அடிக்கடி பழந்துணியால் துடைத்துப் பாருங்கள். சட்டி தேய்க்கும் முரட்டுக் கம்பிப் பஞ்சு வேண்டாம், கீறிவிடும். தேய்த்த இடம் வெளிறத் தொடங்கினால் அத்துடன் நிறுத்துங்கள். கறள் அரித்த சிறு குழிகள் எப்படியும் இருக்கும். அவற்றை மறைக்க அரத்தாளை எடுத்தால் மெருகு முழுவதும் போகும்.

கொட்டியாரக்கரை:
தையல் எண்ணெய் எதற்கு? எங்கள் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய்தான் பூசினார்கள், ஒரு துவக்கும் கெட்டுப்போகவில்லை.

பட்டறைக்காரர்:
தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறிப் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காறிய எண்ணெயில் அமிலமும் இருக்கும்.

கொட்டியாரக்கரை:
மாதந்தோறும் துடைத்துப் புதிதாகப் பூசினால் எப்படிக் காறும்? கடலோரத்து உவர்க்காற்றில் மாதம் ஒருமுறை துடைக்காத துவக்குக்கு எந்த எண்ணெயும் உதவாது என்பதை ஐயாவும் ஒப்புக்கொள்வார்.

உப்புவெளி வாசி:
தேசிக்காயை விட்டுவிட்டு இப்போது தேங்காய்க்கு வந்துவிட்டீர்கள்.

தம்பலகாமத்தான்:
செந்தூள் போய்விட்டது, மெருகு அப்படியே இருக்கிறது. விசைக்கு அருகில் இரண்டு குழிகள் தெரிகின்றன, அவற்றை விட்டுவிட்டேன். நன்றி.

மூதூர் ஆசிரியை:
எண்ணெய் கட்டையில் ஊறாமல் துடைத்து விடுங்கள், மரம் மெத்தென்று ஆகிவிடும். தோல் உறையை என்ன செய்தீர்கள், தம்பி?