வீடு மாறியதற்குப் படிவம் 6 போட்டுவிட்டேன், இப்போது என்ன செய்வது?

உசிலைக்காரன்:
உசிலம்பட்டியிலிருந்து மதுரை திருநகருக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. பெரியப்பா சொன்னபடி, வாக்காளர் பட்டியலில் பெயரை இங்கே மாற்ற போன வாரம் ஆன்லைனில் படிவம் 6 போட்டேன். உசிலம்பட்டிப் பட்டியலில் என் பெயர் அப்படியே இருக்கிறது. இரண்டு இடத்திலும் வந்தால் வம்பாகுமா?

வைகைக்கரை:
வாக்காளர் அட்டைதான் கையில் இருக்கிறதே. தேர்தலன்று ஊருக்குப் போய்ப் போட்டுவிட்டு, அப்படியே கறிச்சோறும் சாப்பிட்டு வாருங்கள்.

மல்லிப்பந்தல்:
வைகைக்கரை அண்ணே, அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டை இருந்தும் ஓட்டுப் போட முடியாது. குடிபோனவர் என்று தெரிந்தால் பழைய ஊரில் பெயரை நீக்கலாம்.

தம்பி, நான் வாத்தியார் வேலையோடு பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையும் பார்த்தவன். பெரியப்பா சொன்னது ஒரு காலத்தில் சரிதான். வேறு தொகுதிக்குப் போனால் முன்பு படிவம் 6தான். 2022 ஆகஸ்டிலிருந்து அது முதல்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டும். வீடு மாறினாலும், எழுத்துப் பிழை திருத்தினாலும், அட்டை தொலைந்தாலும் படிவம் 8. உசிலம்பட்டி ஒரு தொகுதி, திருநகர் திருப்பரங்குன்றம் தொகுதி. அதனால் 8இல் 'தொகுதிக்கு வெளியே' என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய அட்டை எண்ணைக் கொடுங்கள்.

இரண்டு தொகுதியில் பெயர் இருக்கக் கூடாது என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17வது பிரிவு. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 31வது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. பயப்படாதீர்கள், நீங்கள் தெரியாமல் செய்ததுதானே. ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். விசாரிக்க பி.எல்.ஓ. வீட்டுக்கு வருவார். உள்ளதைச் சொல்லி, படிவம் 6 வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

உசிலைக்காரன்:
நன்றி சார். பி.எல்.ஓ. யார் என்றே தெரியவில்லை. உசிலம்பட்டிப் பெயரை எடுக்க நான் தனியாகப் படிவம் 7 கொடுக்க வேண்டுமா?

மல்லிப்பந்தல்:
வேண்டாம். 8 ஏற்கப்பட்டால் பழைய இடத்தில் அவர்களே நீக்கிவிடுவார்கள், அட்டை எண்ணும் மாறாது. 7ஐ நீங்களே முந்திப் போட்டால் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் வராமல் நடுவில் நிற்பீர்கள். அப்படி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.எல்.ஓ. விவரத்துக்கு 1950 என்ற தேர்தல் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

உசிலைக்காரன்:
சார், அவர் நேற்று வந்தார், பக்கத்துத் தெரு அங்கன்வாடி அக்காதான்! எழுதிக் கொடுத்துவிட்டேன், 8ம் போட்டாச்சு. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.