குனியவும் முடியாது, பார்வையும் மங்கல்: பாதத்தை எப்படிக் கண்காணிப்பது?

நண்பர்களே, ஒரு யோசனை தேவை. 10 கிராம் மோனோஃபிலமெண்ட் இழையால் (தோலில் அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை) சோதித்து, பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளைக் கண்டுபிடித்துவிடுகிறோம் (காய்ப்பின் மேல் வைத்தால் முடிவு தவறும், கவனம்). அதற்குப் பிறகுதான் சிக்கலே.

தினமும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்கச் சொல்கிறோம். குனிய முடியாதவருக்குத் தரையில் கண்ணாடி வைத்தால் போதும். ஆனால் விழித்திரையும் பாதிக்கப்பட்டு, தனியாக வசிப்பவர் என்ன செய்வார்? கையால் தடவிப் பார்க்கலாமென்றால், பலருக்கு விரல்களும் மரத்திருக்கின்றன.

புண் வருமுன் அந்த இடம் சூடாகும். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் அடுத்தடுத்து 2 நாள் நீடித்தால், நடப்பதைக் குறைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அளவை வாய்விட்டுச் சொல்லும் தோல் வெப்பமானியை இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? உள்ளங்காலில் சரியான இடத்தை அவர்களாகவே எட்ட என்ன செய்தீர்கள்?